பட்டியலில் இரண்டு தோழிகள்

“ஒண்ணுமில்ல மேடம், ரொம்ப ஈஸி.” முனைவர் பட்டத்துக்கான கோர்ஸ் ஒர்க் நடந்த ஆறு மாதமும் இந்த வார்த்தை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சொன்னவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். பயப்படாதீர்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது தைத்தது. ஒரு விஷயம் எளிது என்று ஒருவர் சொல்லி, அது நமக்கு வரவில்லை என்றால், அதற்கு மேல் சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை. எளிதானதுகூட இவருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம். சரி, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிவிடுவோம். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் 22 வருடமாக எனக்குத் தலையாட்டியதும் இதே தலையாட்டல்தான் என்பது இந்த ஆறு மாதத்தில்தான் உறைத்தது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர். பிள்ளைகளுக்குத் தமிழம்மா. 2006-இல் எம்.ஃபில் முடித்தேன். அதற்கப்புறம் பணி மாறுதல், பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடல்நிலை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து பிஎச்.டி. தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு தடையின்மைச் சான்று வாங்கி, பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். தலைப்பு, குறுந்தொகையில் விளிச்சொற்கள். தோழி, அன்னாய், சேர்ப்ப, நாட என்று யார் யாரை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு. பாட்டு எனக்குப் பழக்கம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ் ஒர்க் முடித்தால்தான் ஆய்வுக்குள்ளேயே போக முடியும். அதில் ஒரு தாள் முழுக்கக் கணினி.

சனி, ஞாயிறு வகுப்பு. துறையூரில் காலை 6 மணிப் பேருந்து, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீ, அங்கிருந்து டவுன் பஸ். லேபில் 14 பேர். இயற்பியல், வணிகவியல், வரலாறு என்று பலதுறைக்காரர்கள். வயதில் நான்தான் மூத்தவள். பாடம் எடுத்த சார் சுறுசுறுப்பானவர், கோபமே வராதவர். அவர் விரல் திரையில் எங்கே போகிறது என்று நான் பார்த்துப் பிடிப்பதற்குள் அடுத்த ஜன்னல் திறந்துவிடும். “இங்க க்ளிக், இங்க க்ளிக், அவ்வளவுதான் மேடம்.” நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: இடது மேல் மூலை, பச்சைக் கூட்டல் குறி, அதில் மூன்றாவது. வீட்டில் திறந்தால் அந்தக் கூட்டல் குறி வேறு இடத்தில் இருக்கும். மென்பொருள் புதுப்பித்துக்கொண்டுவிட்டது என்பார்கள்.

எல்லாமே கஷ்டமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சோத்கங்காவில் பழைய ஆய்வேடுகளைத் தேடி எடுப்பது இரண்டாம் வாரமே கைவந்துவிட்டது. நூற்பட்டியலுக்கு ஸோட்டேரோ சொல்லிக் கொடுத்தார்கள், இலவச மென்பொருள். அதில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டி இருக்கும், ஒன்று குடும்பப் பெயருக்கு, ஒன்று முன்பெயருக்கு. தமிழில் முன்னெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர்தானே, எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அரை மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானைத் தட்டினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும் என்று பிறகு தெரிந்தது. இப்போது என் நூலடைவில் நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன. அது இல்லாமல் இனி என்னால் எழுத முடியாது.

இலக்கணம் தெரிந்த விசைப்பலகை

தமிழ்99 விசைப்பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் முதன்முதலாக எனக்குச் சொந்தமானதாகத் தோன்றியது அதுதான். அதுவரை நான் போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்துக்கொண்டிருந்தவள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இது. இடக்கைப் பக்கம் உயிர்கள், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்கள். க தட்டி ஒ தட்டினால் கொ. க-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து க்க. மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நான் கரும்பலகையில் எழுதுவது அப்படியே விரலுக்கு வந்துவிட்டது. இதை யாரும் எனக்கு எளிது என்று சொல்லவில்லை. ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், மூன்று நாளில் பார்க்காமலே தட்டத் தொடங்கினேன்.

ஏன் இது மட்டும் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தோழி

நான்காவது மாதம் ஒரு பணி கொடுத்தார்கள். கூகுள் கோலாப் என்ற இணையப் பக்கத்தில், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய பத்து வரி நிரல் ஒன்று தயாராக இருக்கும். அவரவர் துறை சார்ந்த ஏதாவது ஒரு பனுவலை அதில் ஏற்ற வேண்டும். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று அது எண்ணிப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலை வைத்து இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது. வ.அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவை நூலகத்தில் புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பாட்டு எண், அடி எண். கணினி கைக்கு வராத காலத்தில் அப்படி ஒன்றைச் செய்து முடிக்க எத்தனை கண்கள் எத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும். அந்த வேலையைக் குறுந்தொகையின் 401 பாட்டுக்கும் நானே, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்யப்போகிறேன் என்ற எண்ணமே தூக்கத்தைக் கெடுத்தது.

பனுவல் என்னிடம் பாதி இருந்தது. எம்.ஃபில் ஏட்டின் பின்னிணைப்பாக முதல் 200 பாடல்களைச் சந்தி பிரித்து டி.டி.பி. கடையில் அடித்து வாங்கியிருந்தேன். அந்தக் குறுந்தகடு பீரோவில் பத்திரமாக இருந்தது. திறந்தால் தமிழே இல்லை. பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இப்போதைய கணினியில் கிடையாது. தமிழ் என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. என்னோடு படிக்கும் ஒரு பெண், என் மகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள், என்னை அக்கா என்பாள், ஒருங்குறிக்கு, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் ஆளுக்கோர் எண் கொடுத்து வைத்திருக்கும் இப்போதைய யூனிகோடு முறைக்கு, மாற்றித் தரும் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினாள். ஒட்டினேன், ஒரு நொடியில் 200 பாட்டும் தமிழாக வந்து விழுந்தது. மீதியை இணையத்திலிருந்து எடுத்து நானே சந்தி பிரித்தேன். அதற்கே மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்குப் பட்டியல் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே தோழி மேலேயே இருந்தாள். குறுந்தொகையில் “தோழி” என்று கூப்பிடாத பக்கம் குறைவு. சந்தோஷமாகக் கீழே இறங்கினேன். சில வரி தள்ளி, மறுபடியும் தோழி. வேறொரு எண்ணிக்கையோடு.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கேயாவது இடைவெளி விட்டிருப்பேன், காற்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அதே த, அதே ழ, அதே சுழி. நிரலைத் திரும்ப ஓடவிட்டேன், அதேதான் வந்தது. “ரொம்ப ஈஸி” என்று சொல்லிக் கொடுத்த பத்து வரியில் நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மடிக்கணினியை மூடப் போனேன். மூடியிருப்பேன். ஆனால் ஆசிரியராக இருந்து பழகிய கண், தவறைப் பார்த்தால் அதற்குக் கூட்டாளி இருக்கிறதா என்று தேடும். ஒரு பிள்ளை ஓரிடத்தில் றகரத்தை ரகரமாக எழுதினால் வேறெங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று பார்ப்போமே, அதுபோல. பட்டியலை மேலிருந்து நிதானமாகப் படித்தேன். தோள் இரண்டு. நோய் இரண்டு. பொழுது இரண்டு. கொண்கன் இரண்டு. கடல் ஒன்றுதான். கண் ஒன்றுதான். வாழி ஒன்றுதான். சேர்ப்ப ஒன்றுதான்.

ஒகர ஓகார எழுத்து வரும் சொல் மட்டும் இரட்டித்திருக்கிறது.

இரண்டு தோழியையும் நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். முதல் தோழியில் தோ-வுக்குப் பின்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தட்டு. ஓகாரம் முழுக்கப் போய், தழி என்று நின்றது. இரண்டாவது தோழியில் அதே இடம், அதே தட்டு. துணைக்கால் மட்டும் போனது. தேழி.

அந்தத் தேழியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒரு தோழிக்கு ஓகாரம் ஒரே குறி. இன்னொரு தோழிக்கு இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோல வரைந்து காட்டப்படுகின்றன. உள்ளே இரண்டும் வேறு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று ஒன்றாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரின் குரல் காதில் கேட்டது. இது எனக்குத் தெரிந்த விஷயம். இந்த அறையில், இந்த மேசையில், இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இந்தக் கணினிக்குள் இருந்தது.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். மாலையில் அவள் தன் கணினியில் இரண்டு தோழியையும் ஒட்டி, எத்தனை எழுத்து என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தாள்.

“ஒண்ணு 4 வருதுக்கா. இன்னொண்ணு 5. நீங்க எத்தனைன்னு சொல்வீங்க?”

“தோ, ழி. ரெண்டு.”

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம், “அப்ப இது எண்ணுறது எழுத்தே இல்லக்கா” என்றாள். கணினி எண்ணியது எழுத்துக்குள் இருக்கும் குறிகளை. த, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்றால் நான்கு. ஓகாரம் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஐந்து. இரண்டும் சமம்தான் என்று ஒருங்குறியே சொல்கிறது. பிரிந்ததைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நார்மலைஸ் என்ற கட்டளையும் இருக்கிறது. ஆனால் அதை நாம்தான் கேட்க வேண்டும். அவள் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். இரண்டு தோழியும் ஒருத்தியானார்கள், பட்டியலில் இன்னும் மேலே ஏறினார்கள்.

பிரிந்த ஓகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். என் எம்.ஃபில் பின்னிணைப்பிலிருந்து வந்த பாட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பழைய எழுத்துருவில் கையால் எழுதுகிற வரிசையிலேயே அடிப்பார்கள். முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் த, அப்புறம் துணைக்கால். ஒருங்குறிக்கு மாற்றிய நிரல் கொம்பை எடுத்துத் த-வுக்குப் பின்னால் வைத்திருக்கிறது, காலை அதோடு சேர்க்காமல் விட்டுவிட்டது. கடைக்காரர் ஒரு ஓரத்தில் என் கையெழுத்துப் பிரதியை க்ளிப் மாட்டி வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் கொம்பு, எழுத்து, கால் என்று அடித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த விரல் போன வழி இத்தனை வருடம் கழித்து என் கோப்புக்குள் அப்படியே இருக்கிறது.

இதைவிட ஒன்று எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். கொம்பு, ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு கோடு என்று ஏட்டில் இருந்தால் அது கொ-வா, கோ-வா, கெர-வா, கேர-வா, புள்ளி வைத்துப் படிக்க வேண்டியதா என்பதைப் படிப்பவர்தான் பொருள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் உள்படச் சுவடியோடு மாரடித்த ஒவ்வொரு பதிப்பாசிரியரும் இந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறா என்று கேட்பதுதான் அவர்கள் வேலையில் பாதி. அன்று ஏட்டில் ஒரே வடிவத்துக்குள் பல எழுத்து ஒளிந்திருந்தது. இன்று என் திரையில் ஒரே எழுத்துக்குள் இரண்டு வடிவம் ஒளிந்திருந்தது. மூலபாட ஆய்வியல் என்று எம்.ஏ.வில் தாள் எழுதித் தேர்வானவள் நான். அந்தப் படிப்பு இந்த மேசையில் பயன்படும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

கவினுக்கு முன்னால் கழி

தோழி ஒருத்தியானதும் பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னோம். முதல் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. அகரத்தில் தொடங்கி வகரத்தில் முடிந்தது. ககரச் சொற்களுக்குள் போனபோதுதான் கண் இடறியது. கடல், கண், கனவு, கல், கழி, கவின். அகராதி புரட்டிப் பழகியவர்களுக்கு உடனே தெரியும். கவினுக்கு அப்புறம்தான் கழி வர வேண்டும், கனவு எல்லாவற்றுக்கும் கடைசி. இடையினம் ய ர ல வ ழ ள முடிந்துதானே ற, ன. இன்னொரு இடத்தில் பலா முன்னாலும் பல் பின்னாலும் நின்றன.

இந்த முறை நான் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதைப் பார்க்காத தமிழாசிரியர்கள் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று கட்டம் காலி. இந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து உண்டே, அந்த மீதி மூன்றின் இடம். 1991-இல் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தபோது இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி என்ற 1988-ஆம் வருடத் தரத்தை அடியொற்றினார்கள். எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே மாதிரிச் சட்டகம், அதில் நமக்கில்லாதவை காலியிடமாக நிற்கும். இந்தியில் இல்லாத ன, ற, ழ மூன்றும் அந்தச் சட்டகத்தில் ந, ர, ள ஆகியவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. அதனால் ந-வுக்கு அடுத்த எண் ன. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா எழுத்துகளை அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்கிறது. இறுதி எழுத்து என்றே பெயர் சொல்லிவைத்த னகரம் அட்டவணையின் நடுவில் இருக்கிறது. அதைப் போலவே, இலக்கணத்தில் க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தால் க. அட்டவணையில் க-தான் அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் க். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் இருப்பதால் பலாவுக்குப் பின்னால் பல் போகிறது.

எண் வரிசையே அகரவரிசை என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுக்கும் விதி தனியாக இருக்கிறது. ஒருங்குறி அமைப்பே வெளியிடும் அந்த விதியில் தமிழ் வரிசை சரியாகவே இருக்கிறது. பைத்தானின் சாதாரணக் கட்டளை அந்த விதியைத் தொடாமல் எண்ணை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. ஆனாலும் நாம் தினமும் தட்டுவது ஒருங்குறியில்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தமிழ் படித்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? எனக்கு 22 வருடம் தெரியவில்லை.

சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல்தொகுப்பை அந்தப் பெண் கண்டுபிடித்தாள். அடுத்த சனிக்கிழமை லேபில் நான் 18 மெய்யையும் வரிசையாகச் சொல்ல, அவள் தட்டினாள். க், ங், ச், ஞ் என்று நான் சொல்லச் சொல்லப் பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. வணிகவியல்காரர் ஒருவர் ழ்-க்கு அப்புறம் ள்-ஆ, ள்-க்கு அப்புறம் ழ்-ஆ என்று என்னிடம் கேட்டார். உயிர் 12, ஆய்தம், பிறகு ஒவ்வொரு மெய்யும் அதன் 12 உயிர்மெய்யும், மொத்தம் 247. இந்த வரிசைப்படி அடுக்கு என்றதும் கவினுக்கு அப்புறம் கழி வந்தது, கனவு கடைசிக்குப் போனது.

சாரிடம் காட்டினேன். உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். பேக்ஸ்பேஸை அவரே இரண்டு முறை தட்டிப் பார்த்தார். “மூணு வருஷமா இந்த நிரலைக் கொடுக்கிறேன் மேடம். தமிழ்த்துறைக்காரங்களும் செஞ்சிருக்காங்க. யாரும் சொல்லல” என்றார். எனக்கு அதில் பெருமை வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அவர்களும் இரண்டு தோழியைப் பார்த்திருப்பார்கள். தங்கள் தவறு என்று நினைத்திருப்பார்கள். எளிது என்று சொல்லிக் கொடுத்ததில் சந்தேகம் கேட்கத் தயங்கியிருப்பார்கள். தலையாட்டிவிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இதில்தான் என் ஆதங்கம். ஆசிரியர்களுக்கு எத்தனையோ பயிற்சி நடக்கிறது, கோடை விடுமுறையில், வார இறுதியில், காணொளியில். எல்லாவற்றிலும் எந்த மூலையில் எந்தப் பொத்தான் என்றுதான் தொடங்குகிறார்கள். பொத்தான் அடுத்த மாதம் இடம் மாறும். என் பாடத்திலிருந்து தொடங்கி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று முதல் நாள் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் மீதிப் பாதியை நானே தேடிப் போயிருப்பேன். தமிழ்99 மூன்று நாளில் வந்ததற்குக் காரணம் அதுதானே, அது எனக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கியது. 14 பேர், ஏழெட்டுத் துறை, இரண்டு மணி நேரம் என்று சாருக்கும் அவர் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணித ஆசிரியருக்குக் கணிதத்தில் ஒரு வாசல் இருக்கும், வரலாற்றுக்காரருக்கு வரலாற்றில் ஒன்று இருக்கும். உங்கள் பாடத்தில் எது இந்தக் கருவியில் சரியாக வரவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நானும் கேட்டதில்லை. குற்றியலுகரம் நடத்தும்போது, “இது ரொம்பச் சின்ன விஷயம், கடைசி எழுத்தைப் பாருங்க, அவ்வளவுதான்” என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். போன ஜூலையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையாட்டியபோது நிறுத்தி, எது இடிக்குதுப்பா என்று கேட்டேன். பசு என்பதிலும் கடைசியில் சு இருக்கிறது, காசு என்பதிலும் சு இருக்கிறது, ஒன்று குற்றியலுகரம் இல்லை, ஒன்று குற்றியலுகரம், கடைசி எழுத்தை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும் என்றான். அவன் கேட்டது முழுக்க நியாயம். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறுகாது என்பதைச் சொல்லாமல், கடைசி எழுத்தைப் பார் என்று நான் பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹைடெக் லேபில்

கோர்ஸ் ஒர்க் முடிந்த பிறகு பதினொன்றாம் வகுப்பை எங்கள் பள்ளி ஹைடெக் லேபுக்குக் கூட்டிப் போனேன். தமிழ் வகுப்புக்கு லேப் சாவி கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு தோழியையும் எல்லாத் திரையிலும் வைத்திருந்தேன். எது வேறு என்று சொல்லுங்கள் என்றேன், எதுவும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் பெரிதாக்கிப் பார்த்தார்கள், நிறம் மாற்றினார்கள், ஒருவன் திரையில் மூக்கு படும்படி போய்ப் பார்த்தான். கடைசி வரிசையில் யாரோ பேக்ஸ்பேஸைத் தட்டிவிட்டு, “ஏய், தேழி!” என்று கத்த, லேப் முழுக்கத் தேழி தேழி என்று ஒரே இரைச்சல்.

அது அடங்கியதும், கௌ-வில் தொடங்கும் பெயருள்ள பெண் ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். “அம்மா, ஆபீஸ்ல என் பேரைத் தேடினா வர மாட்டேங்குது. சான்றிதழுக்குப் போனப்ப ரெண்டு தடவையும் இல்லன்னுட்டாங்க. அதுவும் இதேதானா?”

அலுவலகப் பட்டியலிலிருந்து அவள் பெயர் இருந்த வரியை எடுத்து அவள் திரையில் ஒட்டினேன். முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்தாள். ஒரு தட்டு. கொம்பு நின்றது, ளகரம் போய்விட்டது. ஔகாரக் குறியின் கடைசிப் பகுதி பார்க்க ளகரம் போலவே இருப்பதால் யாரோ ள-வையே தட்டிவைத்திருக்கிறார்கள். கெள. அவள் பெயரில் இல்லாத ஓர் எழுத்து இவ்வளவு நாள் அவள் பெயருக்குள் இருந்திருக்கிறது.

“ள வேண்டாம், க தட்டி ஔ தட்டு” என்றேன். அவள் விசைப்பலகைத் தாளில் ஔ எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினாள். கண்டுபிடித்துத் தட்டினாள். பேக்ஸ்பேஸை மறுபடி தட்டிப் பார்த்தாள், இந்தத் தடவை குறி முழுசாகப் போனது. திரும்பவும் தட்டித் தன் பெயரை முழுக்க எழுதினாள். அப்புறம் அந்த வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போய்ட்டு வரட்டுமா அம்மா என்று கேட்டாள்.